பிறந்த வீட்டுக் கோடி

கல்யாணத்துக்கா என்று கேட்டீர்கள். ஜவுளிக் கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் அப்படித்தான் கேட்கத் தோன்றும். உங்கள்மேல் தப்பில்லை. கல்யாணத்துக்கு இல்லை ஐயா. துக்க வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போன சேலை. திரும்பி வருகிறது.

என் தங்கையின் வீட்டுக்காரர் இறந்துபோனார். இன்றைக்கு மத்தியானம் எடுத்தார்கள். புருஷன் செத்தால் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுச் சேலை கொண்டுபோய்ப் போட வேண்டும். கோடி விழாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். உங்கள் பக்கமும் அப்படித்தானே? நான் சடங்குகளுக்கு எதிரி. ஐம்பது வருடமாக எதிரி. இருந்தாலும் வாங்கிக்கொண்டு போனேன். அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் விஷயம். நீங்கள் தூங்குவதாக இருந்தால் தூங்கலாம், பஸ் கோவில்பட்டி போக இன்னும் நேரம் இருக்கிறது.

தூங்கவில்லையா? அப்படியானால் சொல்கிறேன். நான் பேசுவது அச்சடித்த மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் பேரன் கேலி செய்வான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் என்னைப் படிக்க வைத்தது கூட்டங்களில் தரையில் சாக்கு விரித்து விற்ற சின்னச் சின்ன வெளியீடுகள். பதினாறு பக்கம், முப்பத்திரண்டு பக்கம். அதைப் படித்துத்தான் கருப்பசாமி என்ற பெயரை அறவாழி என்று மாற்றிக்கொண்டேன். ஏழு தடவை சிறைக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட மன்னிப்பு எழுதிக் கொடுத்து வெளியே வந்ததில்லை.

எனக்கு மேடையை விடக் கைவந்தது எழுத்து. நையாண்டி. துண்டறிக்கை. எங்கள் பேரூராட்சியில் நான் எழுதிய துண்டறிக்கையைப் படித்துவிட்டு எதிர்க்கட்சி நகரச் செயலாளர் மூன்று நாள் கடைத்தெருப் பக்கம் வரவில்லை. அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவன் சிரித்துச் சிரித்து எழுத்தைக் கீழே கொட்டிவிடுவான். நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. கேட்டால் அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள்.

தங்கை பெயர் பவுனம்மாள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவர்கள் போனபோது அவளுக்கு ஐந்து வயது, எனக்குப் பதினேழு. அதிலிருந்து அவளுக்கு நான்தான் எல்லாம். அவளை உலகநாதனுக்குக் கட்டிக்கொடுத்ததும் நான்தான். மந்திரம் இல்லாமல், மாலை மாற்றி, மைக் வைத்து நடத்தினேன். கல்யாணத்தின்போது அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. மாவு மில் வைத்திருந்தார். பிறகுதான் அவர் அப்பா இருந்த கட்சிக்குப் போனார். கொள்கை என்று எதுவும் கிடையாது. அப்பா போனார், மகன் போனார். எனக்குத் தெரிந்தவரை அவர் ஒரு புத்தகமும் முழுதாகப் படித்ததில்லை.

மில்லுக்கு எல்லாக் கட்சிப் பெண்களும் வருவார்கள். இவர் யாரையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். எங்கள் கட்சிக்காரன் வீட்டு மிளகாயை எந்த முகத்தோடு அரைப்பாரோ, அதே முகத்தோடு தன் கட்சிக்காரன் வீட்டு அரிசியையும் அரைப்பார். இது எப்படிப்பட்ட அரசியல், சொல்லுங்கள்? பவுனும் மில்லில்தான் நிற்பாள். அவர் பெல்ட்டைப் பார்ப்பார், இவள் மாவை அள்ளுவாள். தலை, புருவம், சேலை எல்லாம் வெள்ளையாக இருக்கும். பார்த்தால் சிரிப்பு வரும்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் உள்ளாட்சித் தேர்தல். ஆறாவது வார்டில் அவர் நின்றார். எங்கள் வேட்பாளரை எதிர்த்து.

நான் என்ன செய்யட்டும்? தங்கை புருஷன் என்று பேனாவை மூடி வைக்க முடியுமா? மூடி வைத்திருந்தால் நீங்களே என்னைக் காறித் துப்பியிருப்பீர்கள். ‘மாவு மில் மகாராஜா’ என்று ஒரு துண்டறிக்கை போட்டேன். ‘உங்கள் மாவில் ஒரு பிடி எடுக்கிறவர், உங்கள் வாக்கில் எத்தனை பிடி எடுப்பார்?’ இதுதான் தொடக்கம். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அவர் எடுக்க மாட்டார். எந்த மிஷினிலும் கொஞ்சம் மாவு ஒட்டும். அது ஊருக்கே தெரியும். ஆனால் நையாண்டிக்கு அளவுகோல் சிரிப்புதான் ஐயா. ஊர் சிரித்தது. ஒன்பது ஓட்டில் தோற்றார்.

எங்கள் வேட்பாளர் யார் என்று கேட்காதீர்கள். ஜெயித்த மூன்றாம் மாதம் அவர்கள் கட்சிக்கே போய்விட்டான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. இப்போது போலீஸ் விடுவதில்லை. ஜெயித்த கட்சி, தோற்றவருக்குப் பாடை கட்டும். வைக்கோல் பொம்மை, மேலே வெள்ளைத் துணி. தாரை தப்பட்டையோடு தோற்றவர் தெருவுக்கே கொண்டுபோய் ஒப்பாரி வைப்பார்கள். ஆண்கள்தான், சேலை கட்டிக்கொண்டு. ஒப்பாரி என்றால் பெண்டாட்டி வாயால்தானே பாட வேண்டும்? அந்தத் தடவை பாட்டு நான் எழுதினேன். ஒரே உட்காரலில் பதினெட்டு அடி. இப்போதும் மனப்பாடம்.

‘மூலை முடுக்கெல்லாம் – என் ராசா
முட்டி தேய நடந்தீகளே
கும்பிட்ட கை இறக்குமுன்னே – என் ராசா
குப்புறத்தான் விழுந்தீகளே.’

இது சாதாரணம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது இதற்குத்தான்:

‘வெள்ளைச் சீலை எனக்கெதுக்கு
வெலை கொடுத்து வாங்க வேணாம்
மில்லு மாவு மேல படிஞ்சு
முன்னாலயே வெளுத்திருக்கேன்.’

பார்த்தீர்களா, நீங்களே லேசாகச் சிரித்துவிட்டீர்கள். பரவாயில்லை. எழுத்து அப்படி.

பாடையின் முன்பக்கத்தைத் தூக்கியது பால்ச்சாமி. எங்கள் கிளைச் செயலாளர், நான் வளர்த்துவிட்ட ஆள். மில் வாசலில் பாடையை இறக்கினார்கள். பவுனு உள்ளே அரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே வாசலுக்கு வந்து நின்றாள். தலையெல்லாம் மாவு. அந்த அடியைப் பாடும்போது அவளையும் பார்த்தார்கள், பாட்டையும் கேட்டார்கள். தெருவே அதிர்ந்தது. அப்போது கூட்டத்தில் எவனோ கத்தினான்: “ஏப்பா, பொறந்த வீட்டுக் கோடி எங்கப்பா? கோடி விழாம எப்படி எடுக்கிறது?”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதை நான் திட்டமிடவில்லை. சத்தியமாகத் திட்டமிடவில்லை. கூட்டம் கேட்டது. கூட்டம் ஒன்றைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது அதன் முன்னால் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும் அந்த இழுப்பு. பொம்மை மேல் கிடந்த வெள்ளைத் துணியை உருவினேன். கொண்டுபோய் என் தங்கை நின்ற கேட்டின்மேல் போட்டேன். “பொறந்த வீட்டுக் கோடி!” என்றேன். அந்தச் சிரிப்பு மாதிரி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அவள் அழவில்லை. சண்டைக்கு வரவில்லை. துணியை எடுத்து நாலாக மடித்தாள். உள்ளே போய்விட்டாள். விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொண்டாள் என்றுதான் நான் நினைத்தேன். என் தங்கை அல்லவா என்று பெருமைகூடப் பட்டேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. மில்லில் நிற்பதையும் விட்டுவிட்டாள். மாப்பிள்ளை கொஞ்சம் வசதியாகிவிட்டார், அவளை வேலை வாங்குவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். நல்லதுதானே?

அவர் என்ன செய்தார் தெரியுமா? தோற்ற நாலாம் நாள் மில்லில் ஒரு பலகை மாட்டினார். ‘மிஷினில் ஒட்டிய மாவைக் கேட்டு வாங்கிச் செல்லவும். இப்படிக்கு, ஒன்பது ஓட்டில் தோற்றவர்.’ வாசகம் நன்றாகத்தான் இருந்தது. நானாக இருந்தால் ‘கேட்டு வாங்கிச் செல்லவும்’ என்று நீட்டாமல் ‘கேளுங்கள், கிடைக்கும்’ என்று போட்டிருப்பேன். எங்கள் கட்சி வீட்டுப் பெண்கள்கூட அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அங்கேயே அரைக்க ஆரம்பித்தார்கள். ஜனங்களுக்கு நினைவு என்று ஒன்று கிடையாது.

நான் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மகன் வீட்டோடு கோவில்பட்டி வந்துவிட்டேன். கட்சியும் என்னைக் கூப்பிடுவதில்லை. இப்போது போனிலேயே கேலிப் படம் போட்டு அனுப்புகிறார்கள். பெயர் இல்லாமல் எழுதுகிறார்கள். நான் எழுதிய ஒவ்வொன்றின் கீழும் என் பெயரும் ஊரும் இருக்கும். அடிக்க வேண்டுமானால் வீட்டுக்கு வந்து அடிக்கலாம்.

இன்று காலை பால்ச்சாமி போன் செய்தான். “அண்ணே, உலகநாதன் அண்ணாச்சி விடிகாலைல தவறிட்டாரு. நெஞ்சு வலி. மதினிக்கு நீங்க ஒருத்தர்தானே பொறந்த வீடு, வந்துருங்க” என்றான்.

கடை திறக்கும்வரை நின்று சேலை வாங்கினேன். வெள்ளை வாங்கவில்லை. பச்சையில் அரக்குக் கரை. விதவைக்கு வெள்ளை கூடாது என்று ஐம்பது வருடம் பேசியவன் நான். என் தங்கைக்கு என் கையால் வெள்ளை போடுவேனா? பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன். பத்தொன்பது வருடம் போனது போகட்டும், சாவு வீட்டில் யாரும் பகை பார்ப்பதில்லை, தாம்பாளத்தை நீட்டினால் அவள் அழுவாள், நானும் அழுதுவிடுவேன், முடிந்துவிடும். எனக்கு வேண்டியது அதுதான் ஐயா. வேறு ஒன்றும் வேண்டாம். எனக்கு எழுபத்திநாலு வயது. கூடப் பிறந்தது அவள் ஒருத்தி.

பந்தலில் நான் எதிர்பாராத கூட்டம். இரண்டு கட்சிக் கொடியும் அரைக் கம்பத்தில். எங்கள் கட்சிக்காரர்கள் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒப்பாரிச் சத்தமே இல்லை. பவுனு பாடக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம். எனக்கு அந்த நேரத்திலும் ஒரு சந்தோஷம். சின்ன வயதில் நான் சொல்லிக் கொடுத்தது வீண் போகவில்லை, ஒப்பாரி கூடாது என்ற பகுத்தறிவு அவளுக்குள் இருந்திருக்கிறது என்று நினைத்தேன். அதைப் பால்ச்சாமியிடம் சொல்லவும் செய்தேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

“அண்ணே, ஒங்களுக்கு ஒண்ணு தெரியுமா? அண்ணாச்சி மில்லுல பெல்ட்டு ஓடும்போது ஒங்க பாட்டைத்தான் பாடுவாரு. ‘கும்பிட்ட கை இறக்குமுன்னே’ன்னு. பாடிட்டு, ‘பய என்னமா எழுதிருக்கான் பாத்தியா’ம்பாரு.”

“முழுசும் பாடுவாரா?” என்றேன்.

“முழுசும். அந்த மாவு அடியை மட்டும் விட்டுருவாரு.”

அந்த அடிதான் பாட்டிலேயே உயர்ந்தது. அதைப் போய் விட்டிருக்கிறார். மெட்டுக்கு இடித்திருக்கும் என்று சொன்னேன். பால்ச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாக, “அந்தப் பாடையைத் தூக்குன மறுநாள் காலையில மிளகாய் அரைக்கிற மாதிரி மில்லுக்குப் போனேண்ணே. தப்புதான் அண்ணாச்சின்னேன். மிளகாயைக் கொடுன்னு வாங்கி அரைச்சுக் கொடுத்தாரு. அன்னையில இருந்து போய்க்கிட்டுதான் இருக்கேன்” என்றான். பத்தொன்பது வருடம் எனக்குத் தெரியாமல்! கட்சிக் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு! இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? சாவு வீடு என்று விட்டுவிட்டேன்.

நீராட்டி முடித்தார்கள். “பொறந்த வீட்டுக் கோடி வரட்டும்” என்று பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார். தாம்பாளத்தில் சேலையை வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கூட்டம் வழிவிட்டது. பவுனு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நரைத்துவிட்டாள் ஐயா. முன்பு மாவு என்று நினைத்திருப்பேன், இப்போது அத்தனையும் முடி.

“பவுனு” என்றேன்.

அவள் நிமிரவில்லை. சத்தமும் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுகிற மாதிரி சொன்னாள்: “எனக்குப் பொறந்த வீட்டுக் கோடி விழுந்து பத்தொம்போது வருசமாச்சு. உள்ள பெட்டியில இருக்கு. ஒரு புருசனுக்கு ஒரு கோடிதான். ரெண்டு தடவை போடுற வழக்கம் இல்ல.”

நான் மேடையில் கல்லெறி வாங்கியிருக்கிறேன். சாணி வாங்கியிருக்கிறேன். இடைமறித்துக் கேள்வி கேட்கிறவனுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். தாம்பாளம் கையில் அப்படியே இருக்கிறது.

“பவுனு, அது வேடிக்கைக்கும்மா” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

பெரியவர்தான் பேசினார். “ஏத்தா, கோடி விழாம எப்படி எடுக்கிறது? பொறந்த வீட்டுல வேற யாரு இருக்கா?”

“பால்ச்சாமியண்ணன் போடட்டும்” என்றாள்.

பால்ச்சாமி என்னைப் பார்த்தான். “அண்ணே...” என்றான். கண் கலங்கியிருந்தது. நான் தாம்பாளத்தை அவனிடம் நீட்டினேன். “இதையே போடு” என்றேன். அதற்கும் அவள், “அந்தச் சேலை வேண்டாம்” என்றுவிட்டாள். பால்ச்சாமி பெண்டாட்டி வீட்டுக்கு ஓடிப்போய், பொங்கலுக்கு எடுத்துக் கட்டாமல் வைத்திருந்த சேலையைக் கொண்டுவந்தாள்.

வேற்றுச் சாதிக்காரன் பிறந்த வீடாக நிற்கலாமா என்று ஒரு கிழவர் முனகினார். ஒருவரும் காதில் வாங்கவில்லை. உலகநாதன் கட்சிக்காரன் ஒருவன், “பேசாம இரும், அண்ணன்னு அவுகளே சொல்லிட்டாக” என்றான். ஐயா, இதற்காகத்தான் நான் ஏழு தடவை சிறைக்குப் போனேன். சாதி பார்க்காமல், கட்சி பார்க்காமல் ஒருவன் இன்னொருவனுக்கு உறவாக நிற்க வேண்டும் என்றுதான் தொண்டை கிழியப் பேசினேன். அது நடந்தது. என் கண் முன்னால், என் தங்கை வீட்டில் நடந்தது. நான் அவள் வேண்டாம் என்ற சேலையும் தாம்பாளமுமாகப் பந்தக்கால் ஓரம் நின்று பார்த்தேன்.

பால்ச்சாமி கோடியைப் போட்டதும் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதுதான் அழுதாள். கூட இருந்த பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். பாடவில்லை. அப்போதுதான் வந்து பக்கத்தில் நின்ற ஒரு அம்மாளிடம், “இப்பக்கூடப் பாடலையே, ஏன்?” என்று கேட்டேன். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. “எப்படிய்யா பாடுறது? ‘என் ராசா’ன்னு எடுத்தாலே இந்த ஊர்ல சின்னஞ்சிறுசெல்லாம் அந்தப் பாடைப் பாட்டை நெனச்சுச் சிரிச்சிரும். எவனோ பாவி எழுதி வச்சுட்டுப் போயிட்டான். இந்தம்மா வாய்விட்டு அழக்கூட வழியில்லாமப் போச்சு” என்றாள்.

பகுத்தறிவு என்று நினைத்தேனே.

சுடுகாட்டுக்கு நான் போகவில்லை. எந்த முறையில் போவது? தெருவில் இறங்கிப் போகிறவர்களைப் பார்த்தேன். பாடையை இரண்டு கட்சிக்காரர்களும் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். நான் முகத்தைப் பார்த்தே இவன் இந்தக் கட்சி, அவன் அந்தக் கட்சி என்று சொல்லிவிடுகிறவன். இன்று எல்லார் முகமும் ஒரே மாதிரி இருந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து கல்லில் உட்கார்ந்தேன். கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்காதீர்கள். ஒரு பாட்டுக்காக ஒருத்தி பத்தொன்பது வருடம் பேசாமல் இருப்பாளா? அவரே சிரித்துக்கொண்டு பாடியிருக்கிறார். பிறகு அவர் விட்ட அந்த நாலு வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது வரிக்கு மேல் போக முடியவில்லை. மெட்டு இடிக்கவில்லை. மெட்டு சரியாகத்தான் இருக்கிறது.

வெகுநேரம் கழித்து யாரோ வேகமாக நடந்து வருகிற சத்தம். பவுனு மகள் மணிமொழி. அந்தப் பெயரை வைத்தது நான்தான், அவள் பிறந்தபோது. அந்தப் பாடை ஊர்வலத்தின்போது பத்து வயது. இப்போது அவளுக்கே பிள்ளை இருக்கிறது. பிணம் போனபின் குளித்த ஈரத் தலையோடு ஓடி வந்திருந்தாள். எனக்கு முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

“மாமா, அம்மா கேக்கச் சொன்னாங்க. காலையில இருந்து எதாச்சும் சாப்பிட்டீங்களான்னு.”

“சாப்பிட்டேன்னு சொல்லு” என்றேன். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

அவள் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். கண் என் முகத்தில் இல்லை, ரோட்டில் இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பவுனுதான் கேட்கச் சொன்னாளா? இல்லை, இந்தப் பெண், கிழவன் தனியாகப் போகிறானே என்று பாவப்பட்டு, அம்மா பெயரைச் சொல்லித் தானாக வந்து கேட்கிறாளா? பொய் சொல்கிறவர்கள் இப்படித்தான் ரோட்டைப் பார்ப்பார்கள். ஒரு கேள்வி போதும். ‘நெசமாவே அம்மா சொன்னாளா?’ என்று கேட்டால் மறைக்கத் தெரியாத பெண், முகம் காட்டிக் கொடுத்துவிடும். வாழ்நாள் முழுதும் அடுத்தவன் பேச்சில் பொய் எங்கே என்று தேடித் தோண்டி எடுத்து வெயிலில் காயப்போட்டவன் நான். கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

கேட்கவில்லை ஐயா. பவுனுதான் கேட்கச் சொன்னாள் என்று வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.